ஃப்ளூ வைரஸைக் கொல்லாமல் கட்டிப்போடும் மருந்து

சோப்புப் போட்டுக் கை கழுவும்போது, கையில் ஒட்டியிருக்கும் இன்ஃப்ளுயன்சா வைரஸ் சில நொடிகளில் சிதைந்துபோகிறது. அந்த வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றி மெல்லிய கொழுப்புறை ஒன்று இருக்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை கொழுப்பையும் மறுமுனை நீரையும் நாடுவதால், அவை அந்த உறைக்குள் ஆப்பு இறக்கியதுபோல் நுழைந்து அதைப் பிய்த்துவிடுகின்றன. உறை கிழிந்தால் அதில் பதிந்துள்ள புரதங்களும் சிதறிவிடும். பிறகு செல்லுக்குள் நுழைய வைரஸுக்கு வழியே இல்லை. 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள கிருமிநாசினியும் உறையைக் குலைத்து, கூடவே புரதங்களின் வடிவத்தையும் கெடுத்துவிடுகிறது.

கையில் இவ்வளவு எளிதாக அழியும் வைரஸை நுரையீரலுக்குள் இதே வழியில் அழிக்க முடியாது. ஏனெனில் அந்தக் கொழுப்புறை நம்முடையது. புதிய வைரஸ் துகள், தான் உருவான செல்லின் மேற்பரப்பிலிருந்து மொட்டுப்போல் பிதுங்கி வெளிவரும்போது, அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வருகிறது. அதைக் கரைக்கும் பொருள் நம் செல்களையும் கரைத்துவிடும். ஆகவே, மருந்து தேடுவோர் வைரஸுக்கே உரியதும், அது இல்லாமல் வைரஸ் பரவ முடியாததுமான ஒரு பாகத்தைக் கண்டறிந்தாக வேண்டும்.

இன்ஃப்ளுயன்சாவில் அப்படிக் கிடைத்த பாகம் நியூராமினிடேஸ் என்னும் நொதி. வைரஸின் மேற்பரப்பில் முட்களைப்போல் நிற்கும் ஹீமக்ளுட்டினின் என்ற புரதம், நம் சுவாசப்பாதைச் செல்களின் மேல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் வைரஸை உள்ளே கொண்டுசெல்கிறது. உள்ளே பெருகி வெளிவரும் புதிய துகள்களுக்கு இதே பிடிப்பு சிக்கலாகிவிடுகிறது. வெளிவந்த செல்லின் சர்க்கரையிலேயே அவை ஒட்டிக்கொள்ளும், ஒன்றோடொன்றும் ஒட்டித் திரளும். காளான் வடிவில் நிற்கும் நியூராமினிடேஸ், அந்தச் சர்க்கரையை வெட்டித் துகள்களை விடுவிக்கிறது. வெட்டும் கத்தியை மழுக்கிவிட்டால், வைரஸ் பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

கத்தியை மழுக்க, முதலில் அதன் வடிவம் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் வைரஸ் ஆய்வாளர் கிரேம் லேவர், வைரஸின் மேற்பரப்பிலிருந்து இந்த நொதியின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் படிகமாக்கினார். அந்தப் படிகங்களின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, பீட்டர் கோல்மனும் ஜோஸ் வர்கீஸும் அதன் முப்பரிமாண அமைப்பை வரைந்தெடுத்தனர். 1983இல் அது வெளியானது. கிரேட் பேரியர் ரீஃப் பவளத் தீவு ஒன்றில் 1975இல் ஒரு கடற்பறவையிடமிருந்து எடுத்த வைரஸின் நொதி, பின்னாளில் மிக நேர்த்தியான படிகங்களைத் தந்தது. மருந்துக்கான தேடல் பறவைத் தீவுவரை நீண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அமைப்பில் தெரிந்த செய்தி மிக முக்கியமானது. ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கும் இந்த வைரஸின் நொதியில், சர்க்கரை வந்து அமரும் குழி மட்டும் வகைக்கு வகை ஏறத்தாழ மாறாமல் இருந்தது. அந்தக் குழியில் பொருந்தும் சியாலிக் அமிலப் போலி ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் அதன் பிடி வலுவற்றது. மெல்போர்னில் மார்க் வான் இட்ஸ்டைனின் குழு குழியை உற்று ஆராய்ந்தபோது, ஒரு மூலையில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் இருப்பதும், அதன் அருகில் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதும் புலப்பட்டன. போலியில் அந்த மூலையை நோக்கியிருந்த ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி, நேர்மின்னூட்டம் கொண்ட குவானிடினோ தொகுதியைப் பொருத்தினார்கள். பிடி ஆயிரக்கணக்கான மடங்கு இறுகியது. 1993இல் வெளியான இந்த மூலக்கூறே சனாமிவிர். வாய்வழி கொடுத்தால் குடலில் சரியாக உறிஞ்சப்படாததால், அதை மூச்சுவழி உள்ளிழுக்க வேண்டியிருந்தது.

விழுங்கத்தக்க மருந்தாக வந்தது ஓசெல்டாமிவிர். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது டாமிஃப்ளூ என்ற பெயரில் நம் ஊர்களிலும் பலருக்கு இது அறிமுகமானது. குடலில் எளிதாக உறிஞ்சப்படும் வேதிவடிவில் சென்று, கல்லீரலில் உள்ள நொதியால் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது. இதைத் தயாரிக்கத் தேவைப்பட்ட ஷிகிமிக் அமிலம், பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்தே பெருமளவில் எடுக்கப்பட்டது. பின்னர் நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கச் செய்தும் எடுத்தார்கள். அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளூ குணமாகும் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த அமிலம் மருந்தாவதற்குப் பல வேதிவினைகளைக் கடக்க வேண்டும்.

இம்மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை, பரவுவதைத்தான் தடுக்கின்றன. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். வைரஸ் உச்ச அளவுக்குப் பெருகிப் பல செல்களுக்குப் பரவிவிட்ட பிறகு கத்தியை மழுக்கிப் பெரும்பயன் இல்லை. உரிய நேரத்தில் தொடங்கினாலும், பொதுவாக ஆரோக்கியமாக உள்ளவர்களுக்குக் காய்ச்சல் நாட்களில் ஏறத்தாழ ஒரு நாளே குறைகிறது. இதை மறைக்காமல் சொல்வதே நோயாளிக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் ஓசெல்டாமிவிருக்கு அடங்காத, எச்1என்1 என்ற பருவகால ஃப்ளூ வகை வைரஸ்கள் பெருமளவில் தென்பட்டன; அடுத்த ஆண்டுக்குள் அந்த வகை பல நாடுகளில் ஏறக்குறைய முழுவதுமாக அப்படி மாறிவிட்டது. காரணம், நொதியின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பருமனான டைரோசின் வந்தமர்ந்த ஒற்றை மாற்றம். ஓசெல்டாமிவிரின் கொழுப்பு நாட்டமுள்ள பக்கக்கிளை குழியில் அமர, அருகிலுள்ள குளுட்டாமிக் அமிலம் சற்றுத் திரும்பி இடம் விட வேண்டும். டைரோசின் அதைத் திரும்பவிடுவதில்லை. சனாமிவிருக்கோ அப்படி யாரும் விலகி இடம் தர வேண்டியதில்லை. வைரஸ் வெட்டியே ஆக வேண்டிய சர்க்கரை குழியில் எப்படி அமர்கிறதோ, ஏறத்தாழ அப்படியே அதுவும் அமர்கிறது. அதனால் ஓசெல்டாமிவிரை எதிர்த்து நின்ற அந்த வைரஸ்கள் சனாமிவிருக்குத் தொடர்ந்து கட்டுப்பட்டன.