தேசியப் பேரணியா, தேசிய அணிதிரள்வா?

பிரான்ஸில் தேர்தல் வந்தால் போதும், தமிழ்ச் செய்திகளில் ‘தேசியப் பேரணி’ என்ற பெயர் வந்துவிடும். மரின் லு பென், ஜோர்தான் பார்தெல்லா ஆகியோரின் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த பெயர் இது. ‘தேசியப் பேரணிக்குப் பின்னடைவு’ என்று படிக்கிறவர், பாரிஸ் தெருவில் கொடி பிடித்துப் போன ஊர்வலத்துக்கு ஆள் சேரவில்லை என்றுதான் நினைப்பார். 2024இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 31 விழுக்காடு வாக்கு வாங்கி, தேசிய நாடாளுமன்றத்தையே அதிபர் மக்ரோன் கலைக்கும் நிலைக்குக் கொண்டுவந்த கட்சி அது. அதன் பெயரைக்கூட நாம் சரியாக எழுதவில்லை.

பிரெஞ்சில் ‘ரசாம்பிளமான் நசியொனால்’. ‘ரசாம்பிளே’ என்ற வினைக்குச் சிதறிக் கிடப்பவர்களைக் கூட்டுவது, ஒன்றுதிரட்டுவது என்று பொருள். ‘ஒருசேர’ என்னும் பொருளுடைய ‘சிமுல்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் இதை ‘ரேலி’ என்றன. அந்த ஆங்கிலச் சொல்லும் ‘ரல்லியே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து போனதுதான். சிதறிய படையை மீண்டும் ஒன்றுசேர்ப்பது என்பதே அதன் பழைய பொருள். பொதுக்கூட்டம், ஊர்வலம் என்பதெல்லாம் பின்னால் ஏறியவை. நம்மவர்கள் பிரெஞ்சைப் பார்க்கவில்லை. ஆங்கில அகராதியில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ‘பேரணி’ ஆக்கிவிட்டார்கள்.

‘பேரணி’ சரிதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பெருமை, அணி இரண்டும் சேர்ந்ததுதானே பேரணி, மாணவரணி, மகளிரணி என்பதுபோலப் ‘பெரிய அணி’ என்று கொள்ளலாமே என்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் தெரியும். ஆனால் படிக்கிறவர் யாரும் சொல்லைப் பிரித்துப் பார்த்துப் படிப்பதில்லை. பேரணி என்றால் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் முடிவது, போலீஸ் அனுமதி வாங்க வேண்டியது. அந்தப் பொருள் தமிழில் ஊறிப்போய்விட்டது. கட்சிப் பெயருக்காக மட்டும் அதை ஒதுக்கிவைக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை. 2025 மார்ச் 31 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்ற நிதியை முறைகேடாகப் பயன்படுத்திய வழக்கில் லு பென்னைக் குற்றவாளி என்று அறிவித்த பாரிஸ் நீதிமன்றம், தேர்தலில் நிற்க ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. ஏப்ரல் 6ஆம் தேதி அவருக்கு ஆதரவாகப் பாரிஸின் வோபான் சதுக்கத்தில் கட்சி, ஆட்களைக் கூட்டியது. அந்தச் செய்தியை எப்படி எழுதுவது? ‘தேசியப் பேரணி நடத்திய பேரணி’ என்றா?

அதைவிடப் பெரிய இழப்பு, பெயருக்குள் இருக்கும் அரசியல் காணாமல் போவது. 1972இல் தொடங்கியபோது கட்சியின் பெயர் தேசிய முன்னணி. நிறுவனத் தலைவர் ழான்-மரி லு பென்னின் இனவெறிப் பேச்சுகளால் அந்தப் பெயர் கறைபட்டது. 2011இல் தலைமைக்கு வந்த மகள் மரின், 2015இல் அப்பாவையே கட்சியிலிருந்து நீக்கினார். 2018இல் பெயரையும் மாற்றினார். ‘முன்னணி’யில் போர்முனை வாடை உண்டு; ‘ரசாம்பிளமான்’ எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிடுகிறது. அது வெறும் அழைப்புச் சொல்லும் அல்ல. 1947இல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்து நின்றவரும் பின்னாளில் அதிபரானவருமான தெ கோல் தம் இயக்கத்துக்கு வைத்த பெயர் ‘பிரெஞ்சு மக்களின் ரசாம்பிளமான்’. 1976இல், பின்னாளில் அதிபரான சிராக் தொடங்கிய கட்சி ‘குடியரசுக்கான ரசாம்பிளமான்’. கட்சிகளுக்கு மேலே நின்று நாட்டையே ஒன்றுசேர்க்கிறோம் என்கிற தெ கோல் மரபின் சொல் அது. தெ கோலைக் கடுமையாக எதிர்த்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய கட்சி, அவருடைய சொல்லை எடுத்துச் சூடிக்கொண்டது. இன்னொரு பக்கம், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் மார்செல் தெயா 1941இல் தொடங்கிய நாஜி ஆதரவுக் கட்சியின் பெயரிலும் இதே இரண்டு சொற்கள் இருந்தன. 2018இல் எதிரிகள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். ‘பேரணி’ என்று எழுதினால் இதில் எதுவும் தெரியாது.

சரி, வேறு என்ன எழுதலாம்? ‘தேசியப் பேரவை’ என்றால் நாடாளுமன்றத்தின் பெயரோடு குழம்பும். ‘தேசிய ஒன்றியம்’ ஐரோப்பிய ஒன்றியத்தை நினைவூட்டும். அந்த ஒன்றியத்தைச் சாடியே வளர்ந்த கட்சிக்கு அது பொருந்தாது. ‘தேசியக் கூட்டணி’ என்றால் 2024இல் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த எரிக் சியோத்தி இந்தக் கட்சியோடு வைத்த கூட்டணியை எப்படிச் சொல்வது?

‘தேசிய அணிதிரள்வு’ என்பதே என் தேர்வு. ‘அணிதிரள்வோம்’ என்று எல்லாக் கட்சிச் சுவரொட்டியும் சொல்கிறது. புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘பேரணி’க்காரர்கள் விரும்பும் ‘அணி’யும் அதில் இருக்கிறது, சிதறியவர் ஒன்றுசேரும் பொருளும் இருக்கிறது.

இதே கையோடு இன்னொன்று. ஆங்கிலத்தின் ‘பாப்புலிஸ்ட்’ என்ற சொல்லுக்காக இந்தக் கட்சியை ‘ஜனரஞ்சக வலதுசாரி’ என்று எழுதுகிறார்களே, அதையும் விட்டுவிட வேண்டும். ரஞ்சகம் என்றால் மகிழ்விப்பது. ஜனரஞ்சகம் என்பது சினிமாவுக்கும் வாரப் பத்திரிகைக்கும் சொல்வது. உண்மையான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கும் மேட்டுக்குடி மறுபக்கம், மக்களின் குரல் நாங்கள் மட்டுமே என்று பேசும் அரசியலில் யாரை மகிழ்விக்கிறார்கள்? ‘வெகுமக்கள்வாதம்’ என்று எழுதினால் சொல்ல வந்தது புரிகிறது. இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: பாரிஸ் செய்தி லண்டன் வழியாகவே நமக்கு வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அந்தத் தேர்தலில் வாக்களிக்கிற தமிழர்கள் இருக்கிறார்கள், பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு தெரிந்த தமிழருக்குப் பஞ்சமே இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செய்தி எழுதுகிறவர்கள் முதல் முறை ‘தேசிய அணிதிரள்வு’ என்று எழுதி, பக்கத்தில் பிரெஞ்சுப் பெயரைத் தமிழ் எழுத்தில் தரட்டும். அப்புறம் ‘அணிதிரள்வுக் கட்சி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.