கூட்டுறவை ஒத்துழைப்பு ஆக்காதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் கமக்காரருக்குப் பயிற்சிப் பட்டறை வைத்தால் ஆளுக்கொரு கையேடு தருவார்கள். அதன் முதற்பக்கத்திலேயே, கூட்டுறவுச் சங்கம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விவசாய ஒத்துழைப்புச் சங்கம்' என்று அச்சடித்திருக்கும். ஒரு தடவை என்றால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். முல்லைத்தீவிலும் கண்டேன், வவுனியாவிலும் கண்டேன். இப்போது கூட்டத்துக்கு வருகிற உத்தியோகத்தர்களின் வாயிலும் அது வரத் தொடங்கிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகச் சங்கம் நடத்திய மக்களுக்கு அதன் பெயரை மாற்றிச் சொல்லிக்கொடுக்க யார் கேட்டது?

கூட்டுறவுக்கு ஆங்கிலத்தில் உள்ள கோப்பரேட்டிவ் என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'கோ' என்றால் சேர்ந்து, 'ஒப்பெராரி' என்றால் வேலை செய்தல். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர்கள் சிலர் கடை போட்டார்கள், அதிலிருந்து இந்தச் சொல்லும் முறையும் உலகம் சுற்றின. தமிழில் முதலில் 'ஐக்கிய' என்ற வடசொல்தான் நின்றது. ஐக்கிய சங்கம், ஐக்கிய பண்டகசாலை என்று பழைய பெயர்ப்பலகைகள் இருந்தன. பிறகு கூட்டுறவு வந்து நிலைத்தது. வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒத்துழைப்புக்கு வாதாடுகிறவர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: மூலச்சொல்லில் வேலை இருக்கிறது, ஒத்துழைப்பில் உழைப்பு இருக்கிறது, கூட்டுறவில் வெறும் உறவுதானே இருக்கிறது. கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு சொல்லின் பொருளை அதன் வேர் மட்டும் தீர்மானிப்பதில்லை, மக்கள் அதை எங்கே புழங்குகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஒத்துழைப்பு எங்கே வருகிறது? 'பொதுமக்கள் ஒத்துழைப்பு வழங்க வேண்டும்' என்று பொலிஸ் அறிவித்தலில் வருகிறது. டெங்கு ஒழிப்புக்கு, வீதி திருத்தத்துக்கு, ஆட்களைக் கணக்கெடுப்பதற்கு ஒத்துழைப்புக் கேட்பார்கள். வேலை இன்னொருவருடையது, நாம் கை கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒத்துழைப்பைக் கொடுக்கலாம், மறுக்கலாம். அதில் சேர முடியாது, அதற்குப் பங்கு எடுக்க முடியாது, அதற்குத் தலைவரைத் தெரிவு செய்ய முடியாது.

கூட்டுறவு அப்படியில்லை. பங்குப்பணம் கட்டி அங்கத்தவராகச் சேர்கிறோம். ஒருவரிடம் ஒரு பங்கு இருந்தாலும் நூறு பங்கு இருந்தாலும் வாக்கு ஒன்றே. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். கணக்கறிக்கையை வாசித்துக்கொண்டு போவார்கள், பின்வரிசையில் ஒரு கிழவர் எழும்பி, "பசளை என்ன விலைக்கு எடுத்தனீங்கள், எங்களுக்கு என்ன விலைக்கு வித்தனீங்கள்? அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தை வாசியுங்கோ" என்பார். மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் காசு அவருடையது. அந்தக் கிழவர் அங்கே ஒத்துழைப்பு வழங்க வரவில்லை. 'எங்கட சங்கம்' என்று சொல்லும் வாய் 'எங்கட ஒத்துழைப்பு' என்று ஒருநாளும் சொல்லாது. உறவு என்ற பாதிதான் இந்தச் சொல்லின் உயிர்.

இன்னொரு பிழையும் உண்டு. கமக்காரர் கூட்டுறவைக் 'கூட்டுப்பண்ணை' என்று மொழிபெயர்ப்பது. கூட்டுப்பண்ணையில் காணி பொதுவாகிவிடும், சோவியத் நாட்டில் நடந்தது அது. கூட்டுறவில் காணி அவரவருடையது. இரணைமடுக் குளத்தின் கீழ் அவரவர் வயலை அவரவர் விதைத்து வெட்டுகிறார்கள். விதைநெல், பசளை, இயந்திரம், விற்பனை என்று தனியாகச் சமாளிக்க முடியாத இடங்களில் மட்டும் சேர்கிறார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. அப்படி ஒருவரிடம் போய்க் கூட்டுப்பண்ணையில் சேருங்கள் என்றால், காணி போய்விடுமோ என்றுதான் முதலில் யோசிப்பார். அந்தப் பயம் நியாயமானது. அதை உண்டாக்கியது மொழிபெயர்ப்பாளர்.

கடன் பக்கத்துக்கு வந்தால் மனம் இன்னும் வேகுகிறது. ஜேர்மனியில் ஊர்த்தலைவராக இருந்த ரைப்பைசன் 1864இல் கமக்காரருக்கான கடன் சங்கத்தை அமைத்தார். ஊரவர் ஒருவரையொருவர் அறிவார்கள், ஆகவே ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவனையும் நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. அதைப் படித்துத்தான் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் அறிக்கை எழுதினார், இந்தியாவில் 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது, இலங்கையில் 1911இல் வந்தது. இந்தச் சங்கங்களுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'ஐக்கிய நாணய சங்கம்'. கடனுக்கு ஆங்கிலத்தில் உள்ள கிரெடிட் என்ற சொல்லின் மூலத்துக்கு நம்புதல் என்று பொருள். நாணயம் என்றால் காசு, நேர்மையும்கூட. நாணயமானவன் என்று ஒருவரைச் சொல்கிறோமே, அதே சொல். ஐக்கிய என்பதை மாற்றியது சரி, நாணயத்தையும் சேர்த்துக் கைவிட்டதுதான் நட்டம். பின்னர் வந்த 'சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்' பிழையில்லை, ஆனால் வாய்க்குள் அடங்காது. அதனால்தான் சி.க.கூ.ச. என்று எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. 1964இலிருந்து பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள் தொடங்கிய 'கிராமிய வங்கி' நல்ல பெயர், நகை அடகு வைக்கப் போகிறவருக்கும் விளங்குகிறது.

இன்று அந்த இடத்தில், கம்பனிகள் வட்டிக்குக் கொடுக்கும் 'நுண்கடன்' நிற்கிறது. நுண் என்றவுடன் ஏதோ மென்மையான பொருள் போல இருக்கிறது. போருக்குப் பிறகு வன்னிப் பெண்கள் கிழமைக்குக் கிழமை அதைக் கட்டி என்ன பட்டார்கள் என்பது ஊரறிந்தது. 2018இல் அரசே தலையிட்டு ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு வைக்க வேண்டி வந்தது. வரம்பே அவ்வளவு! அதைச் சிறுகடன் என்றோ வட்டிக்கடன் என்றோ நேராகச் சொல்லட்டும். கூட்டுறவுக் கடனையும் அதையும் கையேட்டின் ஒரே அத்தியாயத்தில் 'நுண்நிதிச் சேவைகள்' என்று சேர்த்துக் கட்டுவதை ஏற்கவே முடியாது. நுண்கடனில் வட்டி வெளியே போகிறது, கூட்டுறவுக் கடனில் வருகிற இலாபம் சங்கத்துக்குள் நிற்கிறது.

கடைசியாக 'பயனாளி'. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்ற இடத்தில் அந்தச் சொல் பொருந்தும். வீட்டுத்திட்டத்துக்குப் பயனாளிப் பட்டியல் இருக்கட்டும். ஆனால் பால் ஊற்றுகிற கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உதவித்திட்டப் படிவம் வரும்போது, 'அங்கத்தவர் இலக்கம்' இருக்க வேண்டிய கட்டத்தில் 'பயனாளி இலக்கம்' என்று இருக்கிறது. சங்கத்தின் சொந்தக்காரர் அதில் கையெழுத்து வைக்கிறார். செயலாளர்கள் அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டி, மேலே அங்கத்தவர் என்று எழுதிவிட்டே படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.