உப்புமா ஏன் நடுவில் மட்டும் தீய்கிறது?

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடியேறுவதை ஒட்டித் தஞ்சைப் பக்கத்திலிருந்து நடந்து செல்பவர்களுள் சிலர் வழியிலேயே சமைத்துக்கொள்வார்கள். அப்படிப் புறப்படவிருக்கும் மன்னார்குடி வாசகர் ஒருவர், முதுகுப்பையின் எடையைக் குறைப்பதற்காக டைட்டானியப் பாத்திரம் வாங்கியதாகவும், அதில் தேநீருக்குத் தண்ணீர் சீக்கிரமே கொதித்தாலும் ரவை உப்புமா நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் நிற்பதாகவும் எழுதி, பாத்திரம் போலியாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையான டைட்டானியமும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் பள்ளியில் படித்ததுதான். அந்தச் சுழற்சி அடித்தகட்டின் சூட்டை உடனுக்குடன் வாங்கிச் சென்றுவிடுவதால், நீர் இருக்கும்வரை தகடு 100 டிகிரிக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. கும்பகோணத்து ஈயச்சொம்பே இதற்குச் சான்று: அது செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்றாலும், உள்ளே ரசம் கொதிக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது, காலியாக அடுப்பிலேற்றினால் உருகி ஒழுகும். உப்புமாவும் பொங்கலும் கெட்டியானவை, சுழல்வதில்லை. எனவே தண்ணீரில் தெரியாத உலோகத்தின் குறை அவற்றில் வெளிப்பட்டுவிடுகிறது.

சிறிய கேஸ் அடுப்பின் சுடர் அடித்தகட்டின் நடுவில் சில சென்டிமீட்டர் வட்டத்தில்தான் படுகிறது. அங்கே இறங்கிய வெப்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. தகட்டைத் துளைத்து மேலே உணவுக்குள் செல்வது ஒன்று. இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரம் என்பதால் எந்த உலோகமும் இதில் பெரிதாகத் தடை செய்வதில்லை. தகட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓரத்தை நோக்கிப் பரவுவது மற்றொன்று. இங்கே தூரம் பல சென்டிமீட்டர், வழியின் உயரமோ தகட்டின் தடிப்பளவுதான். ஆகையால் ஓரத்துக்குப் போய்ச்சேரும் வெப்பத்தை உலோகத்தின் கடத்துத்திறனும் தகட்டின் தடிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் பெருக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரம் கடைமடை வயலைப் போன்றது: வாய்க்கால் குறுகலாக இருந்தால், தலைமடையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் நீர் அங்கேயே தேங்கி வழியும், கடைமடை காய்ந்தே கிடக்கும். வெண்கலப் பானையில் கிளறும் அரிசி உப்புமாவின் காந்தல் அடி முழுவதும் ஒரே நிறத்தில் வருவதற்கும் இதுவே காரணம். செம்பைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் வெண்கலம், அந்தக் குறையைத் தன் தடிப்பால் ஈடுகட்டிவிடுகிறது. அதைத் தோளில் சுமந்து நடக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் உலோகத்தை எடைக்கு எடை ஒப்பிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கடத்துத்திறன், மீட்டருக்கும் கெல்வினுக்குமான வாட் கணக்கில், செம்புக்குச் சுமார் 400, பாத்திரம் செய்யும் அலுமினியக் கலவைகளுக்கு 160 முதல் 190, டைட்டானியத்துக்கு 22, எவர்சில்வருக்கு 16. இவற்றை அந்தந்த உலோகத்தின் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். அலுமினியம் 60-க்கும் 70-க்கும் இடையில் நிற்க, செம்பு 45-க்கும், டைட்டானியம் 5-க்கும், எவர்சில்வர் 2-க்கும் இறங்கிவிடுகின்றன. உலோகத்தில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமப்பவை பெரும்பாலும் அதே எலக்ட்ரான்கள் என்பதால், இதே வகுத்தல் மின்வாரியத்துக்கும் பொருந்தும்: நம் வயல்களுக்கு மேலே செல்லும் உயரழுத்தக் கம்பிகள் செம்பாக இல்லாமல், எஃகு நடுக்கம்பியைச் சுற்றி முறுக்கிய அலுமினியமாக இருப்பதற்கு, விலையோடு எடையும் ஒரு முக்கியக் காரணம்.

பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அடித்தகட்டை எடுத்துக்கொள்வோம். 0.4 மில்லிமீட்டர் டைட்டானியத்தில் அதன் எடை சுமார் 32 கிராம். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் சுமார் 48 கிராம். பதினாறு கிராமை மிச்சப்படுத்துவதற்காக, பக்கவாட்டில் வெப்பம் பரவும் திறனில் இருபது மடங்கை இழந்துவிடுகிறோம். டைட்டானியம் வலிமையானது, துருப்பிடிக்காதது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கடைகளில் அதன் மதிப்பு அதன் விலையால் மட்டுமே உயர்ந்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

அலுமினியம் என்றவுடன் மறதிநோய் வரும் என்ற அச்சம் எழுவதை அறிவேன். 1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திச் செய்த ஆய்வு போன்றவற்றிலிருந்து கிளம்பிய ஐயம் அது. சமையல் பாத்திரம் அந்நோயை உண்டாக்குகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் புளியும் தக்காளியும் வெறும் அலுமினியத்தை அரிப்பது மெய். அதற்காகத்தான் மின்பகுப்பின் மூலம் மேற்பரப்பில் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக வளர்த்து, அனோடைஸ் செய்த பாத்திரங்களை விற்கிறார்கள். அந்தப் படலம் மிக மெல்லியது என்பதால் சூடு பரவுவதற்கு இடையூறு செய்வதில்லை. நான் உண்மையில் அஞ்சுவது, பழைய உலோகக் கழிவுகளை உருக்கி வார்த்த, முத்திரை இல்லாத மலிவுப் பாத்திரங்களைப் பற்றித்தான்; அவற்றில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. செப்புக்குடத்து நீரின் பெருமையை நிறுவ ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, சந்தையில் விற்கும் இத்தகைய சட்டிகளைச் சோதிப்பதற்கு ஒதுக்கலாம்.

வாங்கிய பாத்திரத்தைச் சோதிப்பது எளிது. உலர்ந்த அடித்தகட்டில் கோதுமை மாவை மெல்லிய படலமாகத் தூவி, சிறு தீயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். நடுவில் மட்டும் விரைவில் பழுப்பேறினால் அது வெந்நீருக்கான பாத்திரம். மாவு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாக நிறம் மாறினால் பொங்கலுக்கும் ஆகும். கீழ்வேளூரைத் தாண்டிக் கடற்காற்று சுடரைச் சாய்த்துவிட்டால் நல்ல பாத்திரத்திலும் ஒரு பக்கம் தீயும் என்பதால், காற்றுக்கு மறைவான இடம் பார்த்து அடுப்பை வைக்க வேண்டும். மன்னார்குடி நண்பர் டைட்டானியத்தையே எடுத்துச் செல்வதாக இருந்தால் ரவையை விட்டுவிட்டு அவல் கொண்டுபோகலாம். கொதித்த நீரை ஊற்றி மூடிவைத்தால் போதும், அடுப்பில் வைத்துக் கிளற வேண்டியதே இல்லை.