எவர்சில்வரில் ஏன் ஓட்டை விழுகிறது?

காரைக்குடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் சில வருடங்களுக்கு முன்பு ஒரு டேங்க் செய்தோம். தொண்டிப் பக்கம் மீன் பதப்படுத்தும் ஓர் இடத்துக்கு, உப்புத் தண்ணீர் தேக்கி வைக்க. 3 மில்லிமீட்டர் கனத்தில் 304 என்ற எவர்சில்வர் ரகத் தகடு, ஆர்கான் வெல்டிங். ஐந்தாவது மாதம் போன் வந்தது, டேங்க் ஒழுகுகிறது என்று. போய்ப் பார்த்தால் தகடு முழுக்கப் புதுசு மாதிரியே இருக்கிறது, வெல்டிங் ஓரத்தில் மட்டும் குண்டூசி முனை அளவில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளியில் மெல்லிய கம்பியை விட்டால் மறுபக்கம் வந்துவிட்டது.

எவர்சில்வரும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்யும். ஆனால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால், மேலே குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று படிகிறது. அதன் கனம் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துரு மாதிரி பொருக்குப் பொருக்காக உதிராமல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், கீறிவிட்டாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். அந்த உலோகத்தின் உயிரே இந்தப் படலம்தான்.

இதற்கு எமன் உப்பில் இருக்கும் குளோரைடு. எங்கள் அப்பத்தா மாங்காய் ஊறுகாயை எவர்சில்வர் தூக்கில் போட்டு வைக்க விடவே மாட்டார். "உப்பு தின்னுரும் ராசா, ஜாடியில போடு" என்பார். அது அப்படியே உண்மை. படலம் பலவீனமாக இருக்கும் ஓர் இடத்தைக் குளோரைடு உடைக்கிறது, சின்னதாக ஒரு குழி விழுகிறது. குழிக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால் படலம் மறுபடி உருவாக வழியில்லை. கரைந்த உலோக அயனிகள் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகின்றன, அவற்றின் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்ட வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது, அமிலமும் குளோரைடும் சேர்ந்து இன்னும் உலோகத்தைக் கரைக்கின்றன. இப்படியே குழி தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும். வெளியே இருக்கிற பெரிய தகடு முழுவதும் கேத்தோடாக (குழியில் வெளியாகும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் பக்கமாக) வேலை செய்ய, அரிப்பு மொத்தமும் அந்தச் சின்னக் குழியில் வந்து குவிகிறது. அதனால்தான் தகடு பளபளவென்றே இருக்க, ஊசி குத்தியது போல ஓட்டை விழுகிறது.

சரி, ஏன் வெல்டிங் ஓரத்தில்? பாடப்புத்தகம் சொல்லும் காரணம் கார்பன். 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கொஞ்ச நேரம் நின்றால், கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோக மணிகளின் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின்) எல்லையில் கார்பைடாக ஒதுங்கிவிடும், பக்கத்தில் குரோமியம் குறைந்துபோகும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304 எல், 316 எல் ரகங்கள் இதற்காகவே வந்தவை. ஆனால் 3 மில்லிமீட்டர் தகட்டில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். எங்கள் டேங்கைக் கெடுத்தது பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில் வரும் அந்த நீலமும் பழுப்புமான நிறம்தான் என்று நினைக்கிறேன். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நாங்கள் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாதா இரும்புத் துகளையும் அதன் மேல் அப்பிவிட்டோம். பூசியிருக்க வேண்டியது பிக்லிங் பேஸ்ட், அந்த நிறத்தையும் அடுக்கையும் கரைத்தெடுக்கும் அமிலப் பசை. அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் இருக்கிறது, தோல் வழியே உள்ளே இறங்கி எலும்பு வரை போகக்கூடியது. கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

அப்புறம் ரகத் தேர்வு. எங்கள் ஊரில் பலரும் தகடு கேட்கும்போது "கெட்டியா குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். உப்புக்கு முன்னால் கனம் ஓட்டையைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது குழி எதிர்ப்பு எண்: குரோமிய சதவீதம், கூட்டல் மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, கூட்டல் நைட்ரஜனின் 16 மடங்கு. 304-க்கு இது 18, 19 அளவில் வரும், 316-க்கு 24 பக்கம், இரண்டு வகைப் படிக அமைப்பு கலந்த 2205 டூப்ளெக்ஸ் ரகத்துக்கு 35 பக்கம். சூடும் சேர்ந்தால் கதை இன்னும் மோசம். சுமார் 60 டிகிரிக்கு மேல், குளோரைடும் வெல்டிங் விட்டுவைத்த இழுவிசையும் சேர்ந்தால் 304-உம் 316-உம் திடீரென்று மயிர்க்கோடாக வெடிக்கும். டூப்ளெக்ஸ் அதை நன்றாகவே தாங்கும். ஆனால் 300 டிகிரி பக்கம் நீண்ட நாள் ஓடுகிற வேலைக்கு அது ஆகாது, நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

பட்டறைக்குப் போகும் வழியில் தினமும் சிக்ரி காம்பவுண்டைத் தாண்டித்தான் போகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அரிப்பைப் பற்றி இத்தனை வருடமாக ஆராய்கிறவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் வெல்டிங் செய்கிற பையன்களுக்குக் குழி எதிர்ப்பு எண்ணின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது டேங்கை 2205-இல் செய்தோம். கிலோ விலை அதிகம், ஆனால் இதன் விளைவு வலிமை (நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்கும் பலம்) 304-ஐப் போல இரண்டு மடங்கு என்பதால் 2 மில்லிமீட்டரே போதுமானதாக இருந்தது. 2209 நிரப்புக் கம்பி, ஆர்கானோடு 2 சதவீதம் நைட்ரஜன் (வெறும் ஆர்கானில் வெல்டிங்கிலிருந்து நைட்ரஜன் வெளியேறிவிடும்), ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 150 டிகிரிக்குக் கீழே ஆறவிடுதல், கடைசியில் பிக்லிங். கசிவு சோதனைக்கு ஊற்றிய தண்ணீரை அன்றைக்கே வடித்துத் துடைத்தோம், அது தேங்கிக் கிடந்தாலே குழி ஆரம்பிக்கும்.

டேங்க் போய் இறங்கியதும் அங்கே ஒருவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. "என்னங்கய்யா, இது எவர்சில்வரே இல்லையே" என்றார். டூப்ளெக்ஸில் பாதி ஃபெரைட் என்ற படிக அமைப்பு, அது காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு 200 ரகம் ஒட்டாமல் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் என்று நின்று விளக்கி, தகட்டோடு வந்த ஆலைச் சான்றிதழில் குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் என்ற மூன்று வரிகளையும் காட்டினேன். மூன்றையும் பேனாவால் வட்டமிட்டு, பைலில் வைத்துக்கொண்டார்.