கையால் ஓடுது, தானாக ஓடல: காலையில் எழும்பாத ஸ்க்ரிப்ட்கள்

"டபுள் கிளிக் பண்ணினா ஓடுது தம்பி. காலையில தானா மட்டும் ஓட மாட்டேங்குது." ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் கொம்பியூட்டர் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த முறைப்பாடு பழகிப்போயிருக்கும். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) பேக்அப், பாமசியில் பில் போடும் சொஃப்ட்வெயாருக்குத் தேவையான டேட்டாபேஸ், டியூஷன் வகுப்பு ரெக்கோர்டிங்கை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் யாரோ ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் (கொம்பியூட்டர் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய கட்டளைப் பைல்) எழுதி, கொம்பியூட்டர் போட்டதும் தானாக ஓடும்படி வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்த பையன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போயிருப்பான். அது ஓடுகிறதா என்று அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க் செத்த பிறகுதான் பேக்அப் போல்டரைத் திறக்கிறார்கள். கடைசிப் பைல் போன வருடத்தோடு நின்றிருக்கும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது என்பதை வைத்து ஸ்க்ரிப்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. நீங்கள் டபுள் கிளிக் செய்யும் நேரத்தில் உங்கள் பெயரில் லொக்இன் ஆகியிருக்கிறது, ரௌட்டர் இணைந்துவிட்டது, நெட்வேர்க் ட்ரைவ் வந்துவிட்டது. ஸ்டார்ட்அப்பில் ஓடும் ஸ்க்ரிப்ட் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதற்கு, முன்னாலேயே மலைக்கு ஏறிவிட்ட ஆள் மாதிரி. கங்காணி இல்லை, கூடை இல்லை, இன்றைக்கு எந்த மலை என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் ஸ்க்ரிப்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அது எழும்பிய நேரத்தில் சுற்றிலும் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி ஒன்றுதான். ஸ்க்ரிப்ட் தொடங்கவே இல்லையா, அல்லது தொடங்கி நடுவில் விழுந்ததா? பலர் இதைக் கேட்காமலேயே ஸ்க்ரிப்டைப் பிரித்து மேய ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் ஸ்க்ரிப்டின் தலையில் சில வரிகள் சேர்த்துவிடுவேன்: இப்போது என்ன தேதி, என்ன நேரம், எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறேன், எந்தப் போல்டரில் நிற்கிறேன் என்பதை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதிவை. சி ட்ரைவில் தனியாக ஒரு போல்டர் போட்டு, முழு முகவரியோடு அங்கேயே எழுத வைக்க வேண்டும், டெஸ்க்டொப்பில் வேண்டாம். மறுநாள் காலையில் அந்தப் பைலில் புது வரி இல்லையென்றால் ஸ்க்ரிப்டில் குற்றமில்லை, அதை எழுப்ப வேண்டியவர் எழுப்பவில்லை. வரி இருந்தால், அதில் இருக்கும் பயனர் பெயரும் போல்டரும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். வேலைகளைத் தானாக ஓட வைக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரிலும் 'ஹிஸ்டரி' என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் அது இயல்பாக அணைந்தே கிடக்கும். வலப்பக்கம் 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' என்பதை அழுத்தினால்தான் பதிய ஆரம்பிக்கும்.

தொடங்கவே இல்லை என்றால், நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஒரு தோட்ட அலுவலகத்தின் பெரிய கிளாக்கர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கரண்ட் போன மறுநாள் மட்டும் பேக்அப் எடுக்குது தம்பி. ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டுப் போனா எடுக்கறதில்ல." அலுவலகத்தில் மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் பைல்களின் தேதியைப் பார்த்தால் மனிதர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

காரணம் இதுதான். விண்டோஸ் 8 வந்த 2012 இலிருந்து, நாம் 'ஷட்டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. நம்மை லொக்அவுட் செய்துவிட்டு, தன் உட்பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்குகிறது. காலையில் போடும்போது எழுதிவைத்ததைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. சீக்கிரம் திறக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் விண்டோஸின் கணக்கில் அது புதிய தொடக்கம் இல்லை. ஆகவே டாஸ்க் ஷெட்யூலரில் 'அட் ஸ்டார்ட்அப்' என்று வைத்த வேலை அசையாது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனால் எழுதிவைக்க நேரமில்லை, மறுநாள் முழுத் தொடக்கம், வேலை ஓடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தாலும் முழுத் தொடக்கம்தான். அதனால்தான் திருத்த வருகிறவர் ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டும்போது எல்லாம் ஓடும், அவர் பஸ் ஏறிய மறுநாள் நின்றுவிடும்.

உறுதிப்படுத்துவது சுலபம். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபோமன்ஸ்', அதில் சி.பி.யூ. கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் இருக்கும். தினமும் மாலை அணைக்கிற கொம்பியூட்டர் அங்கே பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னால் விடயம் முடிந்தது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், 'சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ' என்பதற்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அடையாளத்தை எடுத்துவிடலாம். அல்லது வேலையை 'அட் லொக் ஒன்' என்று மாற்றலாம். லொக்இன் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே நடக்கிறது.

அடுத்தது கரண்ட் சம்பந்தமான அடையாளப் பெட்டி. டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஒரு வேலை போட்டால், 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் ஏ.சி. மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற அடையாளம் தானாகவே போடப்பட்டிருக்கும். பெட்டரிக்கு மாறினால் நிறுத்து என்பதும் கூடவே. வேலை போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததே, அந்தக் காலத்தில் இங்கே பல கடைகள் டெஸ்க்டொப்பைக் கைவிட்டு லெப்டொப்புக்கு மாறின. ஸ்க்ரிப்டையும் அப்படியே தூக்கிப் போட்டார்கள். அடைமழைக் காலத்தில் கரண்ட் இல்லாத காலையில் லெப்டொப்பைத் திறந்தால் ஸ்க்ரிப்ட் வாய் திறக்காது, பிழைச் செய்தியும் வராது. டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களும் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். யூ.பி.எஸ்ஸை யூ.எஸ்.பி. வயரால் இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பெட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். அதே பகுதியில் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து. நாள் முழுக்க எடை மெஷினிலிருந்து எண் வாங்கிக்கொண்டிருக்கும் ஸ்க்ரிப்ட் மாதிரி ஓயாமல் ஓட வேண்டியவற்றுக்கு இதையும் எடுத்துவிட வேண்டும்.

சரி, தொடங்கியது ஆனால் விழுந்தது என்றால், யார் பெயரில் ஓடியது என்று பாருங்கள். லொக்இன்னுக்கு முன் ஓட வேண்டும் என்று, விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் 'சிஸ்டம்' கணக்கில் வைத்திருப்பார்கள். மற்றக் கொம்பியூட்டரின் போல்டரை இசட் ட்ரைவ் என்று நீங்கள் இணைத்து வைத்திருந்தால், சிஸ்டத்துக்கு அது தெரியாது. அந்த எழுத்து நீங்கள் லொக்இன் ஆனபோது உங்களுக்காகக் கொடுத்தது. ட்ரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வேர்க் முகவரியைக் கொடுக்க வேண்டும், அந்த மற்றக் கொம்பியூட்டர் உள்ளே விடக்கூடிய ஒரு பயனர் பெயரிலும் ஓட வேண்டும். அந்தப் பயனருக்கு பாஸ்வேர்ட் இல்லையென்றால் அதுவும் சிக்கல். பாஸ்வேர்ட் இல்லாத கணக்குகளை நேரில் உட்கார்ந்து லொக்இன் செய்ய மட்டும்தான் விண்டோஸ் இயல்பாக விடும். பாஸ்வேர்டை மாற்றினீர்கள் என்றால் டாஸ்க்கில் சேமித்திருப்பதையும் மாற்ற மறக்க வேண்டாம். அப்புறம், 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் ஸ்க்ரிப்ட் விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் போய் நிற்கும். பக்கத்தில் இருக்கும் பைலை எடு என்று எழுதியிருந்தால் அது அங்கே போய்த் தேடும். ஸ்க்ரிப்டுக்குள் முழு முகவரி எழுதிப் பழகுங்கள். ஆம், இல்லை என்று கேட்கும் பெட்டி எதுவும் வேண்டாம். பின்னணியில் திறக்கும் பெட்டியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், ஸ்க்ரிப்ட் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும்.

தேதிப் பிரச்சினை இரண்டு வகை. ஒன்று, பேக்அப் பைலுக்குத் தேதியைப் பெயராக வைக்கும் பழைய பேட்ச் ஸ்க்ரிப்ட்கள். உங்கள் கணக்கில் நாள், மாதம், வருடம் என்ற வரிசை இருக்கும். சிஸ்டம் கணக்கில் அமெரிக்க வரிசை, முன்னால் கிழமையும் சேர்ந்து இருக்கலாம். இத்தனையாவது எழுத்திலிருந்து வெட்டு என்று எழுதிய ஸ்க்ரிப்ட் அங்கே தவறான இடத்தில் வெட்டும், பைல் பெயருக்குள் சாய்கோடு நுழையும், சேமிக்க முடியாமல் விழும். கையால் ஓட்டும்போது இது ஒருபோதும் தெரியாது. விண்டோஸோடு வரும் புதிய ஸ்க்ரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் தேதியை எந்த வடிவத்தில் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

மற்றது மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பெட்டரி, சி.ஆர். 2032. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் கழற்றிய நேரம் முழுக்க மணிக்கூடு அந்தச் சின்னப் பெட்டரியில்தான் ஓடுகிறது. அது இறந்துவிட்டால் காலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். இணையத்துக்கு அனுப்பும் ஸ்க்ரிப்ட், பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று நினைத்துத் தோற்கும். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் இணையத்தில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். நீங்கள் கையால் ஓட்டும்போது எல்லாம் நன்றாக இருக்கும்! பெட்டரியை மாற்றினால் போதும்.

தமிழில் போல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சொல். 'சம்பளம்' என்று போல்டர் வைத்ததில் தவறே இல்லை. பவர்ஷெல்லின் பழைய 5.1 பதிப்பு, தமிழ் எழுத்துள்ள ஸ்க்ரிப்ட் பைலை நோட்பேடில் 'யூ.டி.எஃப். 8 வித் பொம்' என்று சேமித்தால்தான் சரியாக வாசிக்கும். 'பொம்' என்பது பைலின் தலையில் வைக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. பேட்ச் பைலுக்கோ அதே 'பொம்' ஆகாது, முதல் வரியே பிழையாகும். தலைகீழ் விதிகள், யார் வைத்தார்களோ.

என் சொந்த அபிப்பிராயம், பேக்அப்பை ஸ்டார்ட்அப்பில் வைப்பதே நல்லதல்ல. கொம்பியூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, ரௌட்டர் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. மலைக்குப் பின்னால் டவர் இருக்கிற இடங்களில் இணைப்பு வரவே சில நிமிடம் ஆகும். காலை பத்து மணி என்று நேரம் குறித்து, தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓடு என்ற அடையாளத்தையும் போடுங்கள். ஸ்டார்ட்அப் கட்டாயம் வேண்டும் என்றால் 'டிலே' கொடுத்துச் சில நிமிடம் தள்ளுங்கள். எதை மாற்றினாலும், டாஸ்க் ஷெட்யூலரில் 'ரன்' அழுத்தி ஓடியதை வைத்துத் திருப்திப்பட வேண்டாம். ஷட்டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, மறுபடி போட்டு, எதையும் தொடாமல் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து முதலில் சொன்ன அந்த டெக்ஸ்ட் பைலைப் பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். டாஸ்க் ஷெட்யூலர் மாதிரியான கிரோனில் 'அட் ரீபூட்' போட்டால் கட்டளைகளைத் தேடும் பாதை மிகச் சின்னது, கட்டளைக்கும் முழு முகவரி எழுதுங்கள். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்க்ரிப்ட் வரி முடிவுக் குறியால் விழும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டரில் 5 ஆம் மொடலுக்கு முந்தியவற்றில் மணிக்கூடே இல்லை, இணையம் வரும்வரை அதன் தேதியை நம்ப வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஸ்க்ரிப்ட். கொம்பியூட்டர் போட்டதும் 'விண்டோஸ் ஸ்க்ரிப்ட் ஹோஸ்ட்' என்ற தலைப்பில், இன்ன பெயருள்ள விபிஎஸ் (விபிஸ்க்ரிப்ட் என்ற மொழியில் எழுதிய) பைலைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வருகிறதா? டவுனில் பிரின்ட் எடுக்கப் போன பென் ட்ரைவ் வழியாக வந்த வைரஸாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. வைரஸ் கார்ட் பைலை அழித்துவிட்டது, ஆனால் அதை எழுப்பச் சொல்லும் பதிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதற்காகக் காணாமல்போன பைலை இணையத்தில் தேடி இறக்குவது, கழுவிய வீட்டுக்குத் திருடனை நாமே அழைப்பது. விண்டோஸ் ஃபோமட் பண்ணவும் தேவையில்லை. மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் 'ஓட்டோரன்ஸ்' என்ற கருவியைத் திறந்தால், ஸ்டார்ட்அப் போல்டர், ரெஜிஸ்ட்ரி, டாஸ்க் ஷெட்யூலர் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். பைல் இல்லாமல் தொங்கும் பதிவு மஞ்சளாக இருக்கும், அடையாளத்தை எடுத்துவிட்டு, ஒருமுறை முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பென் ட்ரைவையும் சேர்த்து.

நல்ல நோக்கத்தோடு எழுதிய விபிஎஸ் ஸ்க்ரிப்ட்களுக்கும் இனி ஆயுள் குறைவு. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் அந்த மொழியைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. இப்போதைக்கு விண்டோஸில் இருக்கிறது, பின்னால் எடுத்துவிடுவார்கள். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால் பல அலுவலகங்கள் புதுக் கொம்பியூட்டர் வாங்குகின்றன. பழைய ஸ்க்ரிப்டை அப்படியே கொப்பி அடித்துப் போடாமல், மாற்றும்போதே பவர்ஷெல்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.