காயம் எந்த வழியாகக் கைமாறுகிறது?

1973-ஆம் ஆண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமிக்கு அவளுடைய பாட்டி புதுச்சட்டை வாங்கித் தந்தார். பளீரென்ற ஆரஞ்சு நிறம், முன்பக்கம் நாடா கோத்தது. வில்லியம்ஸ் லேக் ஊருக்கு அருகே, செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் உறைவிடப் பள்ளியில் முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த பள்ளிகளில் அதுவும் ஒன்று. பிறகு தரவே இல்லை.

ஃபில்லிஸ் அங்கே இருந்தது ஓராண்டுதான். அவருடைய பாட்டியும் அம்மாவும் ஆளுக்குப் பத்து ஆண்டுகள் உறைவிடப் பள்ளியில் கழித்தவர்கள். ஃபில்லிஸ் 14 வயது நிறையும் முன்பே தாயானார். பெற்றோர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதே தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

காயம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் முதல் வழி இதுதான். பிள்ளை வளர்ப்பை யாரும் பாடமாகப் படிப்பதில்லை; வளர்க்கப்பட்டுத்தான் கற்கிறோம். சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் இந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். மடியில் தூங்காத பிள்ளைக்கு, தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது வழி உடல் என்பார்கள். அதைக் காட்ட, மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் செய்த எலி ஆய்வைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொடுக்கும்; சில அவ்வளவாகக் கவனிக்காது. கவனிப்புக் குறைந்த குட்டியின் மூளையில், அழுத்த ஹார்மோனை உணர்ந்து 'போதும், நிறுத்து' என்று சொல்ல உதவும் மரபணுவின் மேல் மீத்தைல் மூலக்கூறுகள் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அது படிக்கப்படுவது குறைகிறது. அதனால் அந்த எலியின் பதற்றம் எளிதில் அடங்குவதில்லை.

இதை வைத்து 'காயம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே ஆய்வில் குட்டிகளைப் பிறந்தவுடன் இடம் மாற்றி, நன்றாக நக்கிக்கொடுக்கும் தாயிடம் விட்டபோது, அவை வளர்த்த தாயின் குட்டிகளைப் போலவே ஆயின. பெற்றவளைவிட வளர்ப்புதான் அங்கே பேசியது. மனிதர்களில் இத்தகைய தடங்கள் விந்து, முட்டை வழியே தலைமுறை தாண்டுகின்றன என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஒரு மக்களைப் பிறவியிலேயே பழுதானவர்கள் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பள்ளிகளுக்கே உரியது. அதை அறிவியலின் பெயரால் நாமும் தொடர வேண்டாம்.

அப்படியானால் ஆறுவது எப்படி? மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லாலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிச் சமூகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இளையோர் தற்கொலைகளைக் கணக்கிட்டார்கள். 1998-இல் வெளியான முடிவு பலரை நிமிர வைத்தது. சில சமூகங்களில் விகிதம் மிக அதிகம். பாதிக்கும் மேற்பட்டவற்றில், ஆராய்ந்த ஐந்தாண்டுகளில் ஒன்றுகூட இல்லை. சுயாட்சி, நில உரிமைக் கோரிக்கை, பள்ளி, மருத்துவ சேவை, காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம் என ஆறையும் தம் கையில் வைத்திருந்த சமூகங்களில் பூஜ்யம். 2007-இல் மொழியை வைத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்கு மேல் தாய்மொழியில் உரையாடத் தெரிந்த சமூகங்களில் தற்கொலை மிகக் குறைவு. இது தொடர்புதான், எது காரணம் என்பதற்கு முழு நிரூபணமல்ல. ஆனாலும் மாத்திரைச் சீட்டில் எழுத முடியாத மருந்து ஒன்று இருக்கிறது என்று காட்டியது.

செயின்ட் ஜோசப்ஸ் மிஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பிய இன்னொரு ஊர் ஆல்கலை லேக். ஊரே குடியில் மூழ்கியிருந்தது. 1972-இல் ஏழு வயது மகள், 'நீங்கள் குடிக்கிறீர்கள், வீட்டுக்கு வரமாட்டேன்' என்று பாட்டி வீட்டிலேயே இருந்துவிட்டாள். தாய் ஃபில்லிஸ் செல்சி (இவர் வேறொரு ஃபில்லிஸ்) அன்றோடு குடியை விட்டார். பிறகு கணவர் ஆண்டி. முதலில் இந்த இருவர்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊரில் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள். சூடான கற்களின் ஆவியில் அமரும் வியர்வைக் குடில் போன்ற பழைய சடங்குகளும் திரும்பி வந்தன.

ஃபில்லிஸ் வெப்ஸ்டாடும் ஆல்கலை லேக் மக்களும் செக்வெப்மக் என்ற பூர்வகுடி இனத்தவர். அதே இனத்தின் ஆடம்ஸ் லேக் பகுதியில் 1987-இல் ஒரு 'மொழிக் கூடு' தொடங்கியது. மழலைகளிடம் முதியவர்கள் தாய்மொழியில் மட்டுமே பேசுவார்கள். அந்த மொழி தெரியாமல் வளர்ந்த பெற்றோர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கத் தொடங்கினார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போன சொல், வழியில் அம்மாவையும் எட்டியது.