சொல் விளக்கம்: துணைச் செயற்கூறு

‘ஹெல்ப்பர் ஃபங்ஷன்’ என்று எந்த நிரல்மொழியிலும் தனிக் குறிச்சொல் (கீவேர்ட்) கிடையாது. அது ஒரு வேலைப் பங்கின் பெயர். ‘அறிக்கை’ என்றொரு இனக்குழு (கிளாஸ், அதாவது தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் சேர்த்து வைக்கும் நிரல்பகுதி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அதன் ‘அச்சிடு’ செயற்கூறை (ஃபங்ஷனை) மட்டும் அழைக்கிறோம். தலைப்பை நடுவில் நிறுத்துவது, பக்க எண் போடுவது போன்ற சில்லறை வேலைகளை அச்சிடு தானே செய்யாமல் உள்ளே இருக்கும் சின்னச் செயற்கூறுகளிடம் விட்டுவிடுகிறது. அவைதாம் ஹெல்ப்பர்கள்.

ஃபங்ஷனுக்கு வேர், ‘நிறைவேற்றுதல்’ என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். தமிழ்க் கணிதநூல்களில் அது ‘சார்பு’. ஒன்றின் மதிப்பு இன்னொன்றைச் சார்ந்திருப்பதால் வந்த பெயர். நிரலில் இருப்பதோ வேலை செய்யும் பகுதி. அதனால் அங்கே செயல் + கூறு, செயற்கூறு. இனக்குழுவுக்குள் இருந்தால் அதை ‘மெத்தட்’ என்பார்கள். ஸ்மால்டாக் என்ற நிரல்மொழி பரப்பிய வழக்கு அது. இனக்குழு என்ற கருத்து அதற்கும் முந்தியது. நார்வேயில் கணினி அறிஞர்கள் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழியிலேயே உண்டு.

சரி, ஹெல்ப்பருக்குத் தமிழில் எது? ‘உதவிச் செயற்கூறு’ என்று எழுதலாம். ஆனால் உதவி என்றதும் மென்பொருளில் F1 விசையை அழுத்தினால் வரும் குறிப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘எடுபிடி’ வேலையின் தன்மைக்குக் கச்சிதம், பாடநூலில் ஏறாது. என் தேர்வு துணை. நம் இலக்கணத்தில் துணைவினை இருக்கிறதே! ‘வந்துவிட்டான்’ என்பதில் ‘விடு’ தன் பொருளை முன்னிறுத்தாமல் முதல்வினைக்குப் பக்கத்தில் நின்று அதன் வேலையை முடித்துக் கொடுக்கிறது. துணைச் செயற்கூறும் அப்படித்தான். ஒரு சிக்கல், நிரலின் உட்பகுதியான சப்ரூட்டீனைத் ‘துணை நிரல்’ என்பவர்களும் உண்டு. அங்கே துணை என்பது உட்பிரிவு. இங்கே உடன் நிற்பது.

உடன் நிற்பது என்று எடுத்துக்கொண்டால் எங்கே வைப்பது என்பதும் ஓரளவு தெளிவாகிறது. அழைக்கும் செயற்கூறுக்குக் கீழேயே எழுதினால் படிப்பவர் தேட வேண்டாம். வெளியார் அழைக்கக் கூடாது என்றால் ஜாவா நிரல்மொழியில் அதன் முன் ‘பிரைவேட்’ என்ற சொல்லைப் போடுகிறோம். மீறினால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் தடுத்துவிடும். பைத்தான் மொழியில் பெயருக்கு முன் ஒற்றை அடிக்கோடு போடுவது வெறும் மரியாதைதான், யாரையும் தடுக்காது. இரட்டை அடிக்கோடு போட்டால் பெயரோடு இனக்குழுவின் பெயரும் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் முழுப் பூட்டு இல்லை.

இனக்குழுவிலிருந்து உருவாக்கும் பொருளின் (ஆப்ஜெக்டின்) தரவை ஒரு துணைச் செயற்கூறு தொடவே இல்லையா? அதை ஸ்டேட்டிக் (பொருளை உருவாக்காமலே அழைக்கக்கூடியது) ஆக்கலாம், பைத்தானில் இனக்குழுவுக்கு வெளியே சாதாரணச் செயற்கூறாகவும் வைக்கலாம். அப்புறம் அந்த ‘யுட்டில்ஸ்’ (யுட்டிலிட்டீஸ் என்பதன் சுருக்கம்)! எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் போய்ச் சேரும் இனக்குழு. தேதியை வடிவமைக்கும் நான்கைந்து செயற்கூறுகள் அங்கே சேர்ந்துவிட்டால், ‘தேதி வடிவமைப்பு’ என்று தனி இனக்குழுவாகப் பிரித்துவிடுவேன். அங்கே அவற்றைத் துணை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இனக்குழுவின் முதல் வேலையே அவைதான்.